பிராந்திடம் பேசியவர்கள்

போன வாரம் ஒரு மதியம், மீன்குழம்புக் கையைக் கழுவிவிட்டு நான் கட்டிலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது தோகாவிலிருந்து போன் வந்தது. பக்கத்து வீட்டு ஜெபின். அங்கே ஏசி மாட்டுகிற கம்பெனியில் வேலை. மனைவி நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், பொழுது சாய்ந்துதான் வருவாள். பகலில் அந்த வீட்டில் கோழிகள் மட்டும்தான் குடியிருப்பு.

“அத்தே, சாப்பிட்டியளா? நம்ம கோழிக்கூட்டுக்கிட்ட ஒரு கீரி நிக்கு. கேமராவுல தெரியுது. கொஞ்சம் எட்டிப் பாத்து வெரட்டி விடுங்க அத்தே.”

கூத்தைப் பாருங்கள். கீரி நிற்பது சுவருக்கு அந்தப் பக்கம். நான் நிற்பது இந்தப் பக்கம். நடுவே ஒரு செங்கல் கனம்தான். அந்தச் செய்தி கடல் தாண்டி அரபுநாட்டுக்குப் போய், ஒரு பயலின் கைபோனில் ஏறி, அங்கிருந்து திரும்பி என் காதுக்கு வருகிறது. இதைத்தான் அவன் செக்யூரிட்டி என்கிறான்.

அந்தக் கூட்டை நீங்கள் பார்க்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடியிருந்த வாடகை வீட்டைவிட விசாலம். தரைக்கு டைல்ஸ், மேலே ஷீட், வெயிலுக்கு ஃபேன். முன்பக்கம் ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி பூவேலை செய்த கிரில். அந்தப் பூவின் இதழ் வழியாகக் கோழி தாராளமாகத் தலையை நீட்டலாம். நீட்டின தலையைக் கீரி தாராளமாகக் கவ்வலாம். வெல்டிங் நடந்தபோதே சொன்னேன். “டிசைன் அத்தே, டிசைன்” என்றான். நல்ல டிசைன்தான், கீரிக்கு.

சுவர் என் தலைக்கு மேலே ஒரு முழம். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். அறுபதை நெருங்குகிற மூட்டுக்கு அது தேவையா? ஸ்டூலின் ஒரு கால் மண்ணில் புதைந்து சாய்ந்தது. சுவரைப் பிடிக்கப் போய், பிடி கிடைக்காமல், பக்கவாட்டில் விழுந்தேன். வலது முட்டு மடங்கிக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. மகள் பெங்களூரில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. போன் எட்டத் தெறித்துக் கிடந்தது. ஜெபின் கீரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேமராவுக்கு என் பக்கம் தெரியாது.

சரி, விழுந்தது விழுந்தாயிற்று, அப்படியே இருப்போம் என்று சுவரில் சாய்ந்தேன். மேலேயிருந்து கோழிக் காஷ்டத்தின் நெடி வந்தது. எச்சமும் ஈர இறகும் தவிடும் கலந்த நாற்றம். கூட்டுக்கு டைல்ஸ் போடலாம். அந்த நாற்றத்தை மாற்ற ஒரு கம்பெனியாலும் முடியாது. அந்த நாற்றத்தில்தான் தங்கபாய் சித்தி நினைவுக்கு வந்தாள். ஜெபினின் அப்பாவைப் பெற்றவள். என் அம்மாவின் ஆயுள்கால எதிரி.

பருந்தை எங்கள் பக்கம் பிராந்து என்போம். கொட்டாரம் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, சர்ச்சிலிருந்து சானல் என்கிற வாய்க்கால் கரை வரைக்கும் ஒரே வரிசையாக வீடுகள். எல்லா வீட்டிலும் கோழி, எல்லா வீட்டுக் கோழிக்கும் சத்துரு. கீரி, மரநாய், சாரைப்பாம்பு, காக்கா, அடுத்த தெரு நாய். இவற்றையெல்லாம் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பிராந்து மட்டும் பொது. அதை யார் முதலில் கண்டாலும் “பிராந்தே... போஓஓ... ஹோய்!” என்று குரல் கொடுக்க வேண்டும். உடனே அடுத்த வீட்டுக்காரி வாங்கிக்கொள்வாள். அவளிடமிருந்து அடுத்தவள். கையைத் தட்டியபடி, ஈயத் தட்டைக் கரண்டியால் அடித்தபடி, சத்தம் சர்ச்சிலிருந்து சானல் வரை போகும். பிராந்துக்கு இறங்க இடமிருக்காது. கோழிகளும் அதைக் கேட்டதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வாழைமூட்டுக்குள் பதுங்கிவிடும்.

இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சத்தத்தை வாங்கிக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. சொத்து வழக்கு நடக்கலாம், சோறு தண்ணி புழங்காமல் இருக்கலாம், ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமல் இருக்கலாம். பிராந்து என்றால் வெளியே வந்தே ஆக வேண்டும். உடனே அந்தக் காலத்து ஒற்றுமை, மனிதநேயம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றுமையாவது மண்ணாவது. இன்று அவள் குஞ்சுக்கு நான் கத்தவில்லையென்றால் நாளை என் குஞ்சுக்கு அவள் கத்தமாட்டாள், அவ்வளவுதான். அந்த வரிசையில் இருந்த பொம்பளைகளை எனக்குத் தெரியும். ஒருத்திக்கும் ஒருத்தியைக் கண்டால் ஆகாது.

ஆம்பிளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். யோசனை சொன்னார்கள். என் அப்பா மலையில் ரப்பர் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை, சனிக்கிழமைதான் வருவார். வந்ததும் முதல் வேலையாகக் கோழிக்கூட்டைச் சுற்றி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இங்கிண ஒரு பொறி வைக்கணும்” என்பார். ஒருமுறை நிஜமாகவே வைத்தார். அதில் விழுந்தது போதகர் வீட்டுப் பூனை. அதற்குப் பிறகு யோசனையோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த வருஷம் அம்மா முழுகாமல் இருந்தாள். எனக்கும் அதற்கும் நடுவே ஒன்று பிறந்து, தங்காமல் போயிருந்தது. அந்தப் பேற்றில் அம்மாவே பிழைத்தது பெரிய பாடு. நடுவெயிலில் அவளைக் கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோய் கார் பிடித்தவள் தங்கபாய் சித்திதான். ஆகவே இந்த முறையும் அவள்தான் துணை என்று சொல்லாமலே முடிவாகியிருந்தது. நர்சம்மா வீடு சானலுக்கு அப்புறம். அப்பா மலையில். நான் ஐந்தாம் வகுப்பு. நாள் நெருங்கும்போது கூப்பிட்ட குரலுக்கு வர அம்மாவுக்கு இருந்தது அந்த ஒருத்தி மட்டும்.

அந்த ஒருத்தியோடுதான் கோழிக்குஞ்சுக்குச் சண்டை வந்தது.

எங்கள் கோழி முட்டையிட்டது, அடைக்கு உட்காரவில்லை. சித்தியின் கருங்கோழி அடைகிடந்தது, அவளிடம் முட்டையில்லை. முட்டை எங்களுடையது, கோழி அவளுடையது, பொரிக்கிற குஞ்சில் சரிபாதி என்று வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசி முடித்தார்கள். பொரித்தது. பாதி பிரித்தாயிற்று. ஆனால் குஞ்சுகள் வளரும்வரை தாய்க்கோழியோடுதானே மேய வேண்டும்? எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பனையோலைப் பெட்டி முடைகிறவர்கள் ஓலைக்குப் போடுகிற ரோஸ் சாயம் வீட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கலக்கி எங்கள் பங்குக் குஞ்சுகளை முக்கி எடுத்தாள். சாயம் பூசின குஞ்சைப் பிராந்து தொடாது என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொல்வார்கள். அடையாளமும் ஆயிற்று, காவலும் ஆயிற்று. பட்டப்பகலில், முற்றத்தில் வைத்துத்தான் செய்தாள்.

மறுநாள் பிராந்து வந்தது. அன்று வரிசையே ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தது, கத்த ஆளில்லை. வந்த பிராந்து ரோஸ் குஞ்சை விட்டுவிட்டு சித்தியின் குஞ்சுகளை மட்டும் தூக்கியது. ஒன்றல்ல, திரும்பத் திரும்ப வந்து. சாவு வீட்டிலிருந்து வந்து எண்ணிப் பார்த்தபோது ரோஸில் ஒன்றும் குறையவில்லை.

சித்தி வேலியில் வந்து நின்றாள். “நல்லா இருக்கு அக்கா! உனக்குள்ளதுக்குச் சாயம் பூசிட்டு எனக்குள்ளத பிராந்துக்கு அடையாளம் காட்டிக் குடுத்திட்டியே!”

“எட்டி, சாயம் உனக்கும் வேணுமாண்ணு கேட்டிருந்தா தந்திருப்பேனே.”

“கேக்கணுமோ? நீயில்லா சொல்லியிருக்கணும்? பங்கு பிரிச்சது நம்ம ரெண்டு பேரா, இல்ல நீயும் பிராந்துமா?”

அவ்வளவுதான். பேச்சு முட்டையிலிருந்து கோழிக்குப் போய், கோழியிலிருந்து குடும்பத்துக்குப் போய், செத்துப்போன மாமனார் மாமியார் வரைக்கும் போனது. கடைசியில் தங்கபாய் சித்தி சர்ச்சுக் கோபுரத்தைப் பார்த்துக் கையை நீட்டி, “இனி அவளுக்க மொகத்தப் பாத்து ஒரு சொல்லு பேசினா எனக்க நாக்கு அழுகிப் போவட்டு” என்றாள். அம்மாவும் விடவில்லை. “நான் செத்துக் கிடந்தாலும் அவளக் கூப்பிடமாட்டேன்” என்றாள். வயிற்றில் ஐந்து மாசம்.

ரோஸ் குஞ்சுகளைச் சித்தி வேலிக்கு இந்தப் பக்கம் எடுத்து வீசினாள். அவை வேலிச் சந்து வழியாகத் தாயைத் தேடி அந்தப் பக்கமே ஓடின. கருங்கோழி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வளர்த்தது. அந்த முற்றத்தில் புத்தியிருந்தது அதற்கு மட்டும்.

போதகர் தலையிட்டார். அவர் தலையிட்டால் ஒரு காரியம் கெடும் என்பது ஊருக்கே தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்து இரண்டு பேரையும் வாசலில் நிறுத்தி, “பிராந்தும் ஆண்டவருக்க படைப்புதானே அம்மா” என்றார். “அப்படிண்ணா அதுக்கு ஐயா வீட்டுக் கோழியக் குடுங்க” என்று சொல்லிவிட்டுச் சித்தி முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சமாதானம் ஆகாதவர்கள் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கக் கூடாது என்று அவர் சட்டம் பேசினார். இரண்டு பேரும் எடுக்கவில்லை. மற்றவர்கள் எழுந்து போகும்போது இரண்டு பெஞ்சில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மானம் போகும்.

ஆனால் பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? நாக்கு அரிக்குமே. பிராந்துச் சத்தம்தான் இருக்கிறதே, அது பேச்சில் சேர்த்தியில்லையே. மெல்ல மெல்ல அதற்குள் இரண்டு பேரும் சாமான் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

“பிராந்தே, போ... ஹோய்! நீ தேவல. நீ பசிக்குத் தூக்குத. சிரிச்சுக்கிட்டே குழி தோண்டுதவள நான் இப்பத்தான் பாக்கேன்!” இது சித்தி.

“போ பிராந்தே! நாக்கு நீளமுள்ள முத்தத்துல போயி எறங்கு. எனக்க முத்தத்துல உனக்கு என்ன சோலி, சவத்து மூதி!” இது அம்மா.

பிறகு பிராந்து வராத நேரத்திலும் பிராந்தைக் கூப்பிடத் தொடங்கினார்கள். கத்தலில்லை, சாதாரணக் குரல், முகம் மட்டும் ஆகாசத்தைப் பார்த்திருக்கும். “பிராந்தே, ரேஷன் கடையில இண்ணைக்கு மண்ணெண்ண குடுக்கான்.” அம்மா உடனே கேனை என் கையில் தருவாள். “அவ சொல்லிக் கேக்கல்ல, கேட்டியா? பிராந்துகிட்ட சொன்னது காதுல விழுந்து.” கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்திலிருந்து, “பிராந்தே, மாசமா இருக்கப்பட்டவ இப்பிடி வெயில்ல நிண்ணு துணி துவைக்கலாமா?” அதற்கு அம்மா, “பிராந்தே, அவளுக்க சோலியப் பாக்கச் சொல்லு.” இரண்டு கிறுக்கிகள். வானத்தில் பறந்த பிராந்துக்கு இது எதுவும் தெரியாது.

மாசம் ஏற ஏற எனக்குப் பயம். அப்பாவிடம் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஒரு ஏற்பாடு பண்ணணும்” என்றார். பண்ணவில்லை. “வலி வந்தா யாரம்மா கூப்பிடுவ?” என்று அம்மாவையே கேட்டேன். “கர்த்தரக் கூப்பிடுவேன்” என்றாள். கர்த்தர் சுடுதண்ணி வைப்பாரா என்று கேட்க வாய் வந்தது, அடிக்குப் பயந்து கேட்கவில்லை.

மாசம் நிறைந்திருந்த ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்துகொண்டிருந்தேன். சர்ச்சைத் தாண்டும்போது சத்தம் கேட்டது. பிராந்துச் சத்தம். வரிசையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பரவி வந்தது. பழக்க தோஷம், நானும் கையைத் தட்டி “ஹோய்” என்று கத்திக்கொண்டு அண்ணாந்தபடி ஓடினேன். வானத்தில் ஒன்றுமில்லை. சத்தமும் நிற்கவில்லை. எல்லாப் பொம்பளைகளும் தட்டும் கரண்டியுமாக எங்கள் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். கோழிக்குத் தீனி போடப் போன அம்மாவுக்குக் கூட்டுக்குப் பக்கத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சித்தி அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பது கேட்கிறது. “தங்கபாய்” என்று ஒரு வார்த்தை, முடிந்தது காரியம். அந்த ஒரு வார்த்தையை அந்த மனுஷி சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளாம். கடைசியில், வீறாப்பும் போகக் கூடாது உயிரும் போகக் கூடாது என்று, “பிராந்தே... போஓஓ...” என்று குரல் கொடுத்திருக்கிறாள்.

சட்டப்படி சித்தி வெளியே வந்தாள். சத்தத்தை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். வானத்தைப் பார்த்தாள். மீதியைப் பிற்காலத்தில் அவளே பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். “ஆகாசம் வெட்டவெளியா கெடக்கு மக்கா. ஒரு பொட்டு பிராந்து இல்ல. பிராந்து இல்லாம சத்தம் போட உனக்க அம்ம என்ன கிறுக்கியா? அப்பதான் எனக்கு நெஞ்சு பொக்குண்ணு போச்சு.” வேலியைச் சுற்றி வர அவளுக்குப் பொறுமையில்லை. கிளுவைக் கம்புகளை முறித்துத் தள்ளிக்கொண்டு, கையெல்லாம் மிளகாய் அரைப்போடு உள்ளே வந்துவிட்டாள்.

நான் போனபோது பின்பக்கச் சாய்ப்பில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சித்தி கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். முகம் கூரையைப் பார்த்திருந்தது.

“பிராந்தே, பல்லக் கடிச்சுக்கிட்டு முக்கச் சொல்லு அவள!”

“பிராந்தே,” என்று அம்மா அலறினாள், “அவளுக்க கையி எரியுண்ணு சொல்லு!”

“எரிஞ்சா எரியட்டுண்ணு சொல்லு பிராந்தே! பிள்ளைக்க தலை தெரியுது, இப்ப நிறுத்தினா கொன்னுபோடுவேண்ணு சொல்லு!”

சுற்றி நின்ற பொம்பளைகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து மட்டும், “ஏட்டி, நிண்ணு பாக்காத, வெந்நி போடு” என்று கத்தினார்கள். வெந்நீர் கொதிப்பதற்குள் தம்பி பிறந்துவிட்டான். சானலைத் தாண்டி நர்சம்மா மூச்சு வாங்க வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டும் கையில் வந்திருக்காது என்றாள். தம்பி இன்று சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். இந்தக் கதையைச் சொன்னால் “போர் அடிக்காதக்கா” என்கிறான்.

இனி சமாதானம் ஆகியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. “பிராந்தப் பாக்கத்தான் வந்தேன்” என்று சித்தி சாகும்வரை சொன்னாள். “பிராந்தத்தான் விரட்டினேன்” என்று அம்மா சாதித்தாள். உடைந்த வேலியை மட்டும் இரண்டு பேரும் கட்டவில்லை. அந்தச் சந்து வழியாகக் கோழி போயிற்று, குழம்பு போயிற்று, தம்பி தவழ்ந்து போனான். பேச்சு மட்டும் கடைசிவரை ஆகாசத்தைப் பார்த்துத்தான். திருவிருந்தும் கடைசிவரை எடுக்கவில்லை. இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா? கோழிக்குஞ்சுக்காக மோட்சத்தையே வேண்டாமென்று வைத்த இரண்டு பேர்.

அம்மா இறந்தபோது சித்திக்கு முதுகு கூனிவிட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு அந்தச் சந்து வழியாகவே வந்தாள். பெட்டியில் கிடந்த அம்மாவின் முகத்தை அப்போதும் பார்க்கவில்லை. காலடியில் நின்று, மேலே போட்டிருந்த பந்தலை அண்ணாந்து பார்த்தாள். கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“பிராந்தே,” என்றாள். “கடேசில தூக்கிட்டியே. நான் சத்தம் போடப் பிந்திப் போனேனே.”

நான் அதுவரை அழவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் சித்தியும் போனாள். ஜெபின் தலையெடுத்ததும் முதலில் அந்தச் சந்தைத்தான் அடைத்தான். சுவர் எழுந்தது, கேட் வந்தது, கேமரா வந்தது. வரிசையில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். ஒரு சுவரைவிட ஒரு சுவர் ஒரு முழம் உசரம்.

அந்தச் சுவரடியில்தான் போன வாரம் நான் கிடந்தேன். முட்டு வீங்கிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டில் டிவி ஓடுவது கேட்டது, மறுபக்கத்து வீட்டில் மிக்ஸி. யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடலாம்தான். எதிர்வீட்டுக்காரியோடு போன மாதம்தான் கார் நிறுத்துகிற விஷயத்தில் முறைத்துக்கொண்டேன். நானும் அந்த அம்மாவின் மகள்தானே, வாய் வரவில்லை. ஆகாசத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என்ன தோன்றியதோ, மூச்சை இழுத்து, “பிராந்தே... போஓஓ... ஹோய்!” என்று கத்தினேன்.

குரல் கணீரென்று போனது. வாங்கிக் கொடுக்க யாராவது வருவார்களா என்று காது கொடுத்துக் கிடந்தேன். மிக்ஸி நின்றது. ஒரு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. மிக்ஸி மறுபடி ஓடியது.

எட்டக் கிடந்த போன் அடித்தது. மண்ணில் தேய்ந்து தேய்ந்து போய் எடுத்தேன். ஜெபின்தான்.

“அத்தே, கீரி ஒண்ணப் பிடிச்சிட்டுப் போயிட்டு. நீங்க வரவே இல்லியே. அது கெடக்கட்டு, இப்ப என்ன சத்தம்? கேமராவுல கேட்டுது.”

“பிராந்துடா மக்கா.”

கேமராவை மேலே திருப்பிப் பார்த்திருப்பான் போல.

“பிராந்து ஒண்ணும் இல்லியே அத்தே. நல்லா பாத்துட்டேன். ஆகாசம் சுத்தமா கெடக்கு. நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.